பின்வேலியை ஒட்டி நடைபாதை: 21 நாளுக்குள் ஆட்சேபம் கொடுத்த அனுபவம்

நோட்டீஸ் எங்கள் கைக்கு வரும்போதே 9 நாள் போய்விட்டது. பினாங்கில் எங்கள் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) பக்கத்து நிலத்தில் புது வீடமைப்புத் திட்டம் வருகிறது. அதோடு, எங்கள் வரிசையின் பின்வேலியை ஒட்டி, கால்வாய்க்கு ஒதுக்கிய ரிசர்வ் நிலத்தில் ஒரு பொது நடைபாதை. அம்மாவின் சமையலறை ஜன்னலிலிருந்து ஆறடி தூரம்தான். கிராண்டில் (நிலப்பட்டாவில்) இருந்தது அப்பா வீடு வாங்கும்போது கொடுத்த பழைய முகவரி. இப்போது சித்தப்பா இருக்கும் அந்த வீட்டுக்கே கடிதம் போயிருக்கிறது. முகவரி மாறியவர்கள் முதலில் நில அலுவலகத்தில் அதைத் திருத்துங்கள்.

உள்ளூர்த் திட்டம் (எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று சொல்லும் ஆவணம்) இல்லாத இடங்களில், 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் (சட்டம் 172) ஆட்சேபிக்கப் பக்கத்து நில உரிமையாளர்களுக்கு 21 நாள் தருகிறது. நோட்டீஸ் சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து கணக்கு. இடையில் 20 மீட்டருக்கு மேற்படாத சாலையோ கால்வாயோ இருந்தாலும் நீங்கள் பக்கத்து நிலக்காரர்தான்.

அரைநாள் லீவு போட்டுக்கொண்டு ஆட்சேபக் கடிதத்தோடு உள்ளூராட்சித் திட்டமிடல் அலுவலகத்துக்கு வெள்ளிக்கிழமை 12:20-க்குப் போய் நின்றேன். 12:15-க்கே முகப்பை மூடிவிட்டார்கள், இனி 2:45-க்குத்தான். அன்றைய பயணம் வீண்.

திங்கட்கிழமை அம்மாவையும் அழைத்துப் போனேன். முட்டிவலி என்பதால் காரிலேயே உட்கார்ந்திருந்தார். முகப்பில் இருந்தவர் கடிதத்தைப் படிக்கவே இல்லை. "கிராண்டில் உங்கள் பெயர் இல்லையே" என்று திருப்பிக் கொடுத்தார். கிராண்டில் இருப்பது அப்பா, அம்மா பெயர், அப்பா காலமாகிவிட்டார். அம்மாவைக் கூட்டி வந்து கையெழுத்துப் போடச் சொல்லட்டுமா என்றேன். அப்பாவின் இறப்புச் சான்றிதழ் நகலும் வேண்டும் என்றார். முதலிலேயே போனில் கேட்டேனே, அப்போது ஏன் சொல்லவில்லை? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மூன்றாம் முறை வாங்கிக்கொண்டார்கள். நம் நகலில் தேதியோடு சாப் (முத்திரை) அடித்து வாங்காமல் நகராதீர்கள். "அதெல்லாம் தேவையில்லை" என்றார்கள், நான் நகரவில்லை. முடிவு பிடிக்காவிட்டால் ஒரு மாதத்துக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம், ஆனால் பக்கத்து நிலக்காரர்களில் முறைப்படி ஆட்சேபித்தவருக்குத்தான் அந்த வழி உண்டு. அந்தச் சாப்தான் அதற்கு அத்தாட்சி. கடிதத்தை மலாயில் எழுதுங்கள், நேரில் விளக்கம் சொல்ல விரும்புவதாகவும் ஒரு வரி சேருங்கள்.

விசாரணையில்தான் உண்மையான அடி விழுந்தது. திருட்டு பயம், இரவு வெளிச்சம், கார் நிறுத்த இடமில்லாமை என்று வரிசையாகச் சொல்லி முடித்தோம். அதிகாரி ஒரு படத்தை எடுத்து வைத்தார். வேலிக்கு அப்பால், ரிசர்வ் நிலத்தில், பக்கத்து வீட்டு அண்ணனின் தகரக் கொட்டகை, எங்கள் முருங்கை. "இது யாருடையது?" எல்லாரும் தலைகுனிந்தோம். அம்மாதான் "மரம் என்னுடையது, வெட்டிவிடுகிறேன்" என்றார். அப்புறம் அவரே, "நடக்க வருகிறவர்கள் மேல் எங்களுக்குக் கோபமில்லை. அக்கரையில் வீடே கிடையாது, அங்கே போடுங்கள்" என்றார். அதுவரை யாருக்கும் அது தோன்றவில்லை. அதிகாரி குறித்துக்கொண்டார்.

கடிதம் போன வாரம் வந்தது. பாதை அக்கரைக்கு மாறுகிறது. விளக்குகள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கும் என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அதைக் கேட்டு அடுத்த கடிதம் எழுதியாகிவிட்டது. முருங்கையை வெட்டி, ஒரு போத்தை வேலிக்கு உள்ளே ஊன்றியிருக்கிறார் அம்மா.