அப்பத்தாவின் ரங்கூனும் என் வலிப்பும்

ரங்கூனுக்கு நான் போனதே இல்லை. ஆனாலும் அங்கே மொகல் தெருக் கிட்டங்கியில் (செட்டியார்கள் தங்கித் தொழில் நடத்திய இடம்) உட்கார்ந்து கணக்கு எழுதிய ஞாபகம் எனக்கு இருந்தது. அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறும். அடுத்த நொடியே, "இது எனக்கு நடந்ததுதான்" என்று சத்தியம் பண்ணுகிற அளவுக்கு ஓர் உறுதி. "ஒங்க பாட்டையாதாண்டா திரும்பி வந்து பொறந்திருக்காக" என்று சின்னாத்தா வைத்தீஸ்வரன்கோயிலில் நாடி ஜோதிட ஏடு பார்க்கக் கிளம்பிவிட்டார்.

அதற்குள் மனைவி என்னை மதுரையில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் ரங்கூனைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. மனைவியிடம்தான் கேள்வி மேல் கேள்வி: கூப்பிட்டால் திரும்புகிறாரா, வாயை மெல்லுகிறாரா? செல்போனில் எடுத்த வீடியோவை அவள் காட்டினாள். வேட்டி ஓரத்தைத் திருகிக்கொண்டு, சப்புக்கொட்டியபடி நான்! அப்படியெல்லாம் செய்தது எனக்குத் தெரியவே தெரியாது.

மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் ஈஈஜி சோதனைக்கு முதல்நாள் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தலைக்குக் குளித்து, ராத்திரி குறைவாகத் தூங்கிவிட்டு வரச் சொன்னார்கள். மண்டையை டேப்பால் அளந்து புள்ளி வைத்து, பசை தடவி வயர்களை ஒட்டினார்கள். வேகமாக மூச்சு வாங்கச் சொன்னார்கள், கண்ணுக்கு முன்னால் விளக்கை விட்டு விட்டு மின்ன வைத்தார்கள், அப்புறம் தூங்கச் சொன்னார்கள். வலியே இல்லை. காய்ந்த பசையை முடியிலிருந்து எடுப்பதுதான் பெரும்பாடு. எம்.ஆர்.ஐ.யில் சத்தம் மட்டும்தான்.

வந்திருந்தது டெம்போரல் லோப் வலிப்பு. காதுப்பக்கம் உள்ள மூளைப்பகுதி அது. ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் அதன் உட்புறத்தில் இருக்கிறது. அங்கே மின்னோட்டம் தாறுமாறானால், பழகிய உணர்வு காரணமே இல்லாமல் கிளம்பிவிடுமாம். 1888-லேயே ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற ஆங்கிலேய நரம்பியல் மருத்துவர் இதை எழுதியிருக்கிறார்.

சரி, மொகல் தெரு எங்கிருந்து வந்தது? அப்பத்தா 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்ட கதையைச் சொல்லிச் சொல்லித்தான் எனக்குச் சோறு ஊட்டுவார். சொன்னவர் யார் என்பது எனக்கு மறந்துபோய், காட்சி மட்டும் என்னுடையதாகத் தங்கிவிட்டது. அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லோஃப்டஸின் 1995 ஆய்வில், சிறுவயதில் கடை வளாகத்தில் தொலைந்துபோனதாக 24 பேரிடம் நடக்காத கதையைச் சொன்னபோது, கால்வாசிப் பேருக்கு அது ஓரளவாவது 'ஞாபகம்' வந்ததாம். எனக்கு உறுதியைக் கொடுத்தது வலிப்பு, படத்தைக் கொடுத்தது அப்பத்தா.

எப்போதாவது "இதை முன்னமே பார்த்திருக்கோமே" என்று தோன்றுவது நிறையப் பேருக்கு உள்ளதுதான். அடிக்கடி, ஒரே மாதிரி, வயிற்றுப் புரட்டலோடு வந்தால் டாக்டரைப் பாருங்கள். கூட இருப்பவர் வீடியோ எடுத்து வைக்கட்டும்.

மாத்திரை ஆரம்பத்தில் தூக்கக் கலக்கம் கொடுத்தது. அளவை மாற்றியதும் சரியானது. இப்போது அந்த உணர்வு வருவதே அபூர்வம். ஊருணியில் தனியாக இறங்கக் கூடாது, டாக்டர் சொல்லும்வரை பைக் ஓட்டக் கூடாது. ஊருணிகூடப் பரவாயில்லை, காரைக்குடிக்குப் பஸ்ஸுக்குக் காத்து நிற்பதுதான் எரிச்சல்.