பேத்தை வாங்கப் போய் நத்தையோடு வந்த கதை

மூன்று வருடங்களுக்கு முன் கடலூரில் ஒரு கடையில் விரல் நீளத்தில் இரண்டு ‘சுறா’ வாங்கினேன். வெள்ளித் தகடு மாதிரி மின்னும். ஒரே வருடத்தில் இரண்டடித் தொட்டியில் திரும்பக்கூட இடமில்லாமல் கண்ணாடியில் முட்டிக்கொண்டு நின்றன. அது சுறாவே இல்லை, சாப்பாட்டுக்காகப் பண்ணைகளில் வளர்க்கிற பங்காசியஸ் கெளுத்தி, ஒரு மீட்டரைத் தாண்டும் என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. தெரிந்தவர் ஒருவரின் பண்ணைக் குளத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

போன மாதம் வேறொரு கடையில் பச்சை முதுகு, கரும்புள்ளி, உருட்டி உருட்டிப் பார்க்கும் கண்ணோடு ஒரு பஃபர் மீன் என்னை மயக்கியது. “நல்ல தண்ணி மீன்தாண்ணா, ஃபிளேக் தீனி போட்டா போதும்” என்றார் கடைத் தம்பி. பர்ஸைத் தொடவில்லை. போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

பெயர்தான் பெரிய தொல்லை. பஃபர் என்று தேடினால் கடல் மீன், கழிமுக மீன், ஆற்று மீன் எல்லாம் வந்து விழுகிறது. தேவனாம்பட்டினம் நண்பனுக்குப் போட்டோ அனுப்பினேன். “பேத்தைடா இது, வலையில வந்தா தூக்கிப் போடுவோம்” என்பதோடு அவன் ஆராய்ச்சி முடிந்தது. புள்ளிகளை ஒப்பிட்டு அறிவியல் பெயரைப் பிடிக்க இரண்டு ராத்திரி ஆனது: டைகோடோமிக்டெரி நைக்ரோவிரிடிஸ். டெட்ராடான் என்ற பழைய பெயரிலும் தேட வேண்டியிருந்தது.

அந்தப் பெயர் கிடைத்ததும் கதையே மாறியது. 15 செ.மீ. வரை வளரும். மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும். பல் வளர்ந்துகொண்டே இருக்கும், நத்தை மாதிரி ஓடுள்ள இரையைக் கடித்துத் தேய்க்காவிட்டால் வாயைத் திறக்க முடியாமல் பட்டினி கிடக்கும். ஃபிளேக் எந்த மூலைக்கு! முக்கியமாக, வளர வளர அதற்கு உவர்நீர், அதாவது நல்ல தண்ணீரும் கடல்நீரும் கலந்த மாதிரியான தண்ணீர் வேண்டும்.

எங்கள் வீட்டு போர் தண்ணீர் லேசாகக் கரிக்கும். அதுவே போதுமென்று ஒரு நப்பாசை. தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அடர்த்தியை வைத்துக் காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டால், நல்ல தண்ணீருக்கான 1.000-ஐ விட்டு அசையவில்லை. குறைந்தது 1.005 வேண்டும், கடல்நீர் 1.025 காட்டும். “சில்வர் பீச்ல அள்ளிக் கலந்துக்கோ” என்றான் நண்பன். கணக்குப்படி ஐந்தில் ஒரு பங்கு கடல்நீர். ஆனால் வாராவாரம் தண்ணீர் மாற்றும்போதெல்லாம் வண்டியில் கேனைக் கட்டிக்கொண்டு அலைய முதுகு ஒத்துக்கொள்ளாது. பச்சைப் பேத்தை வேண்டாமென்று முடிவானது.

அதே தேடலில் சிக்கியதுதான் கேரளத்து ஆறுகளின் குட்டி பஃபர். முழு நன்னீர் மீன், 3.5 செ.மீ. தாண்டாது. இதுவும் துடுப்பைக் கடிக்கும் ரவுடிதான், தனித் தொட்டி வேண்டும். ஆற்றில் பிடிப்பதால் எண்ணிக்கை குறைந்துவருகிற இனம் என்று படித்ததும் கொஞ்சம் உறுத்தியது. தொட்டியில் பொரித்த குஞ்சு கிடைக்குமா என்று கடைத் தம்பியிடம் கேட்டேன். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்.

“சரி, அதுவரைக்கும் நத்தை கிடைக்குமா?” என்றேன்.

செடித் தொட்டியைக் காட்டிச் சிரித்தார். “அள்ளிக்கிட்டுப் போங்கண்ணா, எனக்குத் தொல்லை விட்டது.”

இப்போது மாடியில் ஒரு பக்கெட் நிறைய நத்தை. மீன் இன்னும் வரவில்லை.