புது டிஸ்கோ தயாரிப்பாளர்களைத் தேடிப் பிடிப்பது எப்படி

ஆப் பரிந்துரைக்கும் பாட்டுகளை மட்டும் நம்பியிருந்தால், டிஸ்கோ, ஹவுஸ் என்ற நடன இசை வகைகளில் ட்ராக் உருவாக்கும் புதுத் தயாரிப்பாளர்கள் கண்ணிலேயே பட மாட்டார்கள். இந்தப் பாட்டைக் கேட்டவர்கள் வேறு எதையெல்லாம் கேட்டார்கள் என்ற கணக்கை வைத்துத்தான் பெரும்பாலும் அந்தப் பரிந்துரைகள் வருகின்றன. போன வாரம் வெளியாகி, ஐம்பது பேர்கூடக் கேட்காத ட்ராக்குக்கு ஏது கணக்கு? ஆனால் அதை வெளியிட்ட சின்ன லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம், ஒன்று இருக்கும். முதல் வாரத்திலேயே காசு கொடுத்து வாங்கிய சிலரும் இருப்பார்கள். நாம் பின்தொடர வேண்டியது இவர்களைத்தான்.

இதற்கு, கலைஞர்களும் லேபிள்களும் நேரடியாக இசை விற்கும் பேண்ட்கேம்ப் தளம் மிகவும் வசதியானது. உங்களுக்குப் பிடித்த, அதிகம் பேசப்படாத ஒரு வெளியீட்டின் பக்கத்தைத் திறந்தால், வாங்கியவர்களின் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும். ஒன்றைத் தட்டினால் அவர் வாங்கிய மற்றவையும் தெரியும். கையில் கிடைத்ததையெல்லாம் வாங்கிக் குவித்தவரால் நமக்குப் பெரிய பயன் இல்லை. உங்களுக்குப் பிடித்த மூன்று ட்ராக்காவது இருக்கும் சிறிய சேகரிப்பாகப் பாருங்கள். அதில் திரும்பத் திரும்ப வரும் லேபிள் பெயரைக் குறித்துக்கொண்டு, ஃபாலோ கொடுத்துவிட்டால் புது வெளியீடு வரும்போது மெயில் வந்துவிடும். டேக் வழியாகத் தேடுவதென்றால் ‘எலக்ட்ரானிக்’ என்று போடாதீர்கள், அது கடல். ‘நு டிஸ்கோ’, ‘இட்டாலோ டிஸ்கோ’ என்று குறுக்கிப் போட்டு, புதியவை முதலில் வரும்படி வரிசைப்படுத்துங்கள்.

லேபிளைப் பிடித்த பிறகு அதன் பிரபல வெளியீடுகளை விட்டுவிட்டு, பலரும் சேர்ந்து செய்த தொகுப்பு ஆல்பங்களுக்குப் போங்கள். புது ஆளுக்கு முழு இபி (சில ட்ராக்குகள் மட்டும் கொண்ட சின்ன வெளியீடு) கொடுக்கும் முன் ஒரே ஒரு ட்ராக் கொடுத்துப் பார்ப்பது சின்ன லேபிள்களின் வழக்கம். தெரிந்த பெயரின் இபியில் கடைசியாக ஒளிந்திருக்கும் ரீமிக்ஸையும் விடாதீர்கள். அதைச் செய்தவர் பெரும்பாலும் நீங்கள் கேள்விப்படாதவராகத்தான் இருப்பார்.

அடுத்து, ரேடியோ மிக்ஸ்கள். லண்டனின் என்டிஎஸ் ரேடியோ, புரூக்ளினின் தி லாட் ரேடியோ இரண்டிலும் பெரிய மேடை ஏறாத டிஜேக்கள் நிறைய வாசிக்கிறார்கள். ட்ராக் பட்டியல் போடாத மிக்ஸில், ஓடும் பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷஸாம் ஆப்பை எல்லோரும் தட்டுவார்கள். பாதி நேரம் ஒன்றும் கிடைக்காது. காரணம், டிஜே வேகத்தை மாற்றியிருப்பார். 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 தாளத் துடிப்பு) ட்ராக்கை 4% கூட்டினால் 124.8 ஆகிவிடும், மூலப் பதிவோடு அது சரியாகப் பொருந்தாது. இரண்டு ட்ராக் ஒன்றன்மேல் ஒன்று ஓடும் இடத்தில் தட்டினாலும் குழம்பும். அப்படிக் கலக்கும் பகுதி 32 பார் (ஒரு பாருக்கு நான்கு துடிப்பு) நீண்டாலும் 120 பிபிஎம்மில் அது 64 வினாடிதான். அதனால் புது பேஸ்லைன் (அடித்தளமாக ஓடும் தாழ்ந்த சுர வரிசை) நுழைந்து ஒன்றரை நிமிடம் கழித்துத் தட்டுங்கள், அப்போது பெரும்பாலும் ஒரு ட்ராக் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். ஷஸாம் 1970களின் பாட்டு ஒன்றைக் காட்டுகிறது, ஆனால் கிக் டிரம் கனமாக, புதிதாகக் கேட்கிறது என்றால் அது ரீஎடிட், அதாவது பழைய பாட்டை வெட்டி ஒட்டி நடனத்துக்கு ஏற்ப மாற்றியது. அந்தப் பழைய பெயரோடு ‘எடிட்’ என்று சேர்த்து, யாரும் இசையை ஏற்றக்கூடிய சவுண்ட்கிளவுட் தளத்தில் தேடுங்கள். உரிமை வாங்காமல் செய்த எடிட்டுகள் திடீரென்று காணாமல் போகும், அதனால் விற்பனையில் இருக்கும்போதே வாங்கிவிடுவது நல்லது.

கேட்கும் முறையும் முக்கியம். கிளப்புக்காகச் செய்த ட்ராக்கின் முதல் நிமிடம் டிஜே கலப்பதற்கான இடம். வெறும் கிக்கும் ஹைஹேட் தாளத்தட்டு ஒலியும்தான் இருக்கும். அதை மட்டும் கேட்டு ஒதுக்கிவிட்டால் நஷ்டம் நமக்குத்தான். நேராக நடுவில், பேஸ்லைன் முழுதாக வந்த இடத்துக்குப் போங்கள். லேப்டாப் ஸ்பீக்கரில் டிஸ்கோ பேஸ் பாதிக்கு மேல் காணாமல் போகும், ஹெட்ஃபோன் கட்டாயம் வேண்டும். புதியவர்களிடம் கிக்கும் பேஸும் முட்டிக்கொண்டு கலங்கலாகக் கேட்பது சகஜம். பேஸ்லைனில் உயிர் இருந்தால், மிக்ஸிங் குறைக்காக ஆளைத் தள்ளிவிடக் கூடாது என்பேன். அது அடுத்த சில வெளியீடுகளில் சரியாகிவிடும். மெட்டு கட்டும் திறமை அப்படி வந்துவிடாது.

பிடித்ததை வாங்குங்கள். பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15% எடுத்துக்கொள்கிறது. 2020இல் தொடங்கிய ‘பேண்ட்கேம்ப் ஃப்ரைடே’ நாட்களில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது. டவுன்லோடு செய்யும்போது வேவ் (WAV) கோப்பு வடிவம் வேண்டாம். பல மென்பொருள்களில் கலைஞர் பெயரும் கவர் படமும் அதோடு ஒட்டி வராது. ஏஐஎஃப்எஃப் (AIFF) எடுத்தால் அதே தரம், விவரங்களும் உள்ளேயே இருக்கும். இடம் குறைவென்றால், தரம் குறையாமல் கோப்பைச் சுருக்கும் ஃப்ளாக் (FLAC). கோப்பில் லேபிள் பெயர் விடுபட்டிருந்தால் அன்றே எழுதிச் சேர்த்துவிடுங்கள், அடுத்த தேடலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.