“என்றால் சரிதான்”: பாகப்பிரிவினை வழக்கில் சொற்கள் செய்யும் வேலை

கதவில் சம்மனை ஒட்டிவிட்டுப் போயிருப்பார்கள். “நான் கையெழுத்தே போடலையே, அது எப்படிச் செல்லும்?” என்று கேட்பவர்கள் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி எங்கும் உண்டு. செல்லும். கோர்ட் பாஷையில் சம்மனை உரியவரிடம் சேர்ப்பதற்குப் பெயர் ‘சார்பு செய்தல்’. வாங்க மறுத்தாலும், தேடியும் ஆள் கிடைக்கவில்லை என்று சாட்சி வைத்துக் கதவில் ஒட்டினாலும், கோர்ட் ஏற்றுக்கொண்டால் அது சார்பானதுதான். வாங்காமல் தப்பித்துவிட்டதாக நினைப்பவருக்கு அடுத்து வருவது எக்ஸ்பார்ட்டி, அதாவது அவர் இல்லாமலே நடக்கும் விசாரணை.

ஊர் நிலத்துக்கான பாகப்பிரிவினை வழக்கு ஒன்றை முன்சீப் கோர்ட்டிலிருந்து மதுரை ஒத்தக்கடை உயர் நீதிமன்றக் கிளை வரை பிரதிவாதிகள் பக்கம் நின்று நடத்தியதில் சேர்ந்த குறிப்புகள் இவை. சட்டம் சொல்ல வக்கீல் இருக்கிறார். காகிதத்தில் இருக்கும் வார்த்தையை நாமே படித்தாக வேண்டும். ஏனென்றால் இந்த வழக்குகளில் ஒவ்வொரு வாடிக்கைச் சொல்லுக்கும் பின்னால் பணமோ நாளோ இருக்கிறது.

முதலில் ‘பிரதிவாதி’. குற்றம் சாட்டப்பட்டவர் போலப் பதற வேண்டாம். பாக வழக்கில் பங்குள்ள எல்லோரையும் சேர்த்தாக வேண்டும் என்பதால், எந்தச் சண்டையும் இல்லாத அத்தைகளும் ஐந்தாம், ஆறாம் பிரதிவாதிகளாக வரிசையில் நிற்பார்கள். பிரதிவாதியும் தன் பங்குக்கு உரிய கட்டணம் கட்டி, தனக்கும் பாகம் பிரித்துத் தரும்படி கேட்கலாம். ‘நமக்கென்ன, அண்ணன் பார்த்துக்கொள்வான்’ என்று போகாமல் இருப்பதில்தான் பெண்களின் பங்கு நழுவுகிறது.

சம்மனோடு வரும் பிராதில் (புதிய அச்சில் ‘வழக்குரை’) எல்லோரும் முதலில் தேடுவது கடைசிப் பக்கத் தபசிலை. ‘விவரம்’ என்ற பொருளில் அரபியிலிருந்து பாரசீகம் வழியாக வந்த சொல்; சொத்து அட்டவணை என்று இன்று எழுதினாலும் கோர்ட் வராந்தாவில் தபசில்தான். சர்வே எண், உட்பிரிவு, நான்கு எல்லை, கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி என்று போகும். இங்கே இரண்டு விஷயம் சரிபார்க்க வேண்டும். ஒன்று, பழைய பத்திரத்தில் ஏக்கர், சென்ட். பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ். ஒரு ஏக்கர் 40.47 ஏர்ஸ். மாற்றும்போது விடும் தப்பு தீர்ப்பு வரை கூடவே வரும். இரண்டாவது, விட்டுப்போன சொத்து. குடும்பத்துக்குப் பொதுவான ஒரு வீட்டையோ புஞ்சையையோ வாதி சேர்க்காமல் விட்டிருந்தால் ‘பகுதிப் பாகப்பிரிவினை’ என்ற ஆட்சேபனை கிளம்பும். அதை எதிருரையிலேயே (பிராதுக்குப் பிரதிவாதி எழுத்தில் தரும் பதில்), சர்வே எண்ணோடு எழுத வேண்டும்.

அடுத்தது ‘கூட்டு அனுபவம்’. கோர்ட்டில் அனுபவம் என்றால் சொத்தை ஆண்டு பலன் எடுப்பது. பக்கத்திலேயே ‘சுவாதீனம்’ என்ற சொல்லும் நிற்கும், அது கைவசம் வைத்திருப்பது. ‘வாதியும் பிரதிவாதிகளும் தாவா சொத்தை (வழக்கில் உள்ள சொத்தை) கூட்டாக அனுபவித்து வருகிறார்கள்’ என்ற ஒற்றை வரி பிராதில் சும்மா இருப்பதில்லை. தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம், 1955-இன் 37-ஆம் பிரிவின்படி, கூட்டு அனுபவத்தில் இருப்பவர் கட்டுவது நிலையான ஒரு சிறு தொகை. அனுபவத்திலிருந்து விலக்கப்பட்டவர் என்றால் தன் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம் (2017-க்கு முன்பு ஏழரை). பங்கு முப்பது லட்சம் என்றால் தொண்ணூறாயிரம். இருபது வருடமாகச் சென்னையில் இருப்பவரும் ‘கூட்டு அனுபவத்தில்’ என்று எழுதுவது இதனால்தான். ஊருக்கு வராமலிருப்பது மட்டுமே விலக்கப்பட்டதாகாது என்பதும் உண்மை; ஆகவே பிரதிவாதி இதை மறுப்பதானால், எப்போது, எந்தச் செயலால் விலக்கப்பட்டார் என்று சொல்ல வேண்டும்.

எதிருரைக்கு 30 நாள். காரணம் காட்டினால் 90 நாள் வரை. சாதாரண உரிமை வழக்குகளில் அதற்கு மேலும் தகுந்த காரணத்தோடு கோர்ட் ஏற்பதுண்டு, ஆனால் அதற்குத் தனி மனு, சில சமயம் செலவுத்தொகை. எதிருரையில் வழக்கமாக வரும் வாசகம்: ‘பிராதில் கண்ட, இதில் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்படாத சங்கதிகள் அனைத்தும் மறுக்கப்படுகின்றன.’ இதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. பத்தி பத்தியாக, குறிப்பாக மறுக்காத சங்கதி ஒப்புக்கொள்ளப்பட்டதாகவே கொள்ளப்படும். வரைவைக் கையில் வாங்கி, பிராதின் பத்தி எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண் ஒன்று விட்டுப்போயிருந்தால் வக்கீலின் குமாஸ்தாவிடமாவது கேட்டுவிட வேண்டும்.

இரு தரப்பும் வந்தபின் நீதிபதி ‘எழுவினாக்களை வனைவார்’, அதாவது வழக்கில் முடிவு செய்ய வேண்டிய கேள்விகளை வகுப்பார். குயவர் பானை வனைவது போலத்தான். இந்த ஒரு தமிழாக்கத்துக்காக மொழிபெயர்த்தவரைக் கும்பிடலாம். எந்தக் கேள்விக்கு யார் விடை நிரூபிக்க வேண்டும் என்பது இங்கே முடிவாகிறது. விட்டுப்போன எழுவினாவைச் சேர்க்கச் சொல்லி மனு போடலாம்.

இனி வாய்தா. சொல்லின் வேர் ‘வாக்குறுதி’, நடைமுறை வேறு. காலை பத்தரைக்குப் பெயர் கூப்பிடும்போது வக்கீல் வேறு கோர்ட்டில் இருந்தால் ‘பாஸ் ஓவர்’, அதாவது சற்று நேரம் கழித்து மறுபடி கூப்பிடுவார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம் இல்லை. ‘பேட்டாவுக்கு’ என்று வாய்தா போட்டிருந்தால், சம்மன் அனுப்ப வாதி படிப்பணம் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் வழக்கே போகலாம். கைப்பேசியில் ஈ-கோர்ட்ஸ் செயலியில் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் அடுத்த தேதியும், எந்தக் கட்டம் என்பதும் தெரியும். ஓ.எஸ். என்பது அசல் வழக்கு, ஐ.ஏ. அதற்குள் போடும் இடைமனு, ஏ.எஸ். மேல்முறையீடு, ஈ.பி. நிறைவேற்று மனு. செயலியில் ‘டிஸ்மிஸ்டு’ என்று பார்த்ததும் இனிப்பு வாங்கியவர்கள் உண்டு, தள்ளுபடியானது ஐ.ஏ. மட்டும், வழக்கு அப்படியே நின்றது.

‘தள்ளுபடி’யிலேயே இரண்டு வகை. விசாரித்து, தகுதியின் பேரில் தள்ளுபடி என்றால் மேல்முறையீடு. வாதி வராததால் தள்ளுபடி என்றால் 30 நாளில் மீட்பு மனு போட்டு அதே கோர்ட்டில் உயிர்ப்பிக்கலாம். பிரதிவாதி வராதபோது ஆவது எக்ஸ்பார்ட்டி, தமிழில் ‘ஒருதலைப்பட்சம்’. தீர்ப்பு வந்துவிட்டால் அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள். சம்மன் முறையாகச் சார்பாகவில்லை என்றால், தெரிந்த நாளிலிருந்து 30 நாள். அதைத் தாண்டினால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு தனியாக வேண்டும், ஒவ்வொரு கட்டத் தாமதத்துக்கும் நம்பும்படியான காரணத்தோடு. ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் எழுதினால், எதிர்த்தரப்பு மருத்துவச் சீட்டைக் கேட்கும்.

சாட்சிக் கூண்டுதான் சொற்கள் மிகக் கூர்மையாக வேலை செய்யும் இடம். 2002-க்குப் பிறகு முதல் விசாரணை பிரமாண வாக்குமூலமாக எழுத்தில் போய்விடுகிறது. வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்து கையெழுத்துக்கு நீட்டும் அந்தக் காகிதத்தைப் படிக்காமல் போட்டால், குறுக்கு விசாரணை அதிலிருந்தே தொடங்கும். குறுக்கு விசாரணையில் கேள்வி பதில் அப்படியே பதிவாவதில்லை. நீதிபதி இரண்டையும் சேர்த்து, சாட்சியே சொன்னது போல ஒரே வாக்கியமாகச் சொல்ல, தட்டச்சாகும். “மூத்தவர் தனியாகச் சமையல் வைத்துக்கொண்டார், சரியா?” என்று கேட்க, நீங்கள் தலையாட்டினால், ‘எங்கள் மூத்த சகோதரர் தனிச் சமையல் வைத்துக்கொண்டார் என்றால் சரிதான்’ என்று ஏறும். மறுத்தால் ‘என்று சொன்னால் சரியல்ல’. மதுரைப் பக்கத்துச் சாட்சியப் படிவம் எதை எடுத்தாலும் இந்த இரண்டு வால்களும் பக்கத்துக்குப் பத்து இருக்கும்.

விபத்து நடப்பது எதிர்மறைக் கேள்வியில். “அந்தப் பத்திரத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து இல்லை என்று சொல்வது சரியா?” என்று கேட்டால் ‘ஆமாம்’ என்பதும் ‘இல்லை’ என்பதும் இரண்டு விதமாக எடுபடும். இந்த இடத்தில் முழு வாக்கியமாகப் பதில் சொல்ல வேண்டும்: “அது என் கையெழுத்துதான்.” ‘தெரியாது’, ‘நினைவில்லை’, ‘இல்லை’ மூன்றும் மூன்று பதில்கள். அப்பா கடன் வாங்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்தவர் ‘தெரியாது’ என்று சொன்னால், மறுப்பு போய்விட்டது. எதிர் வக்கீல் கடைசியில் “நீங்கள் பொய் சாட்சி சொல்கிறீர்கள்” என்று சொல்வது சடங்கு. கோபப்படாமல் மறுத்தால் போதும். அந்த மறுப்பு பதிவில் ஏறாமல் விட்டால்தான் ஆபத்து. முடிந்ததும் படித்துக் காட்டுவார்கள், அல்லது படிக்கத் தருவார்கள். கையெழுத்துக்கு முன் தப்பைச் சொன்னால் அப்போதே திருத்தலாம். மறுநாள் சொன்னால் மனு.

தீர்ப்பில் சாட்சிகள் வா.சா.1 (வாதி தரப்புச் சாட்சி), பி.வா.சா.1 (பிரதிவாதி தரப்புச் சாட்சி) என்றும், ஆவணங்கள் வா.சா.ஆ.1 (வாதி தரப்பு ஆவணம்) என்றும் குறுகிவிடுவார்கள். கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு 1976-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வழி செய்தது. என்றாலும் தீர்ப்பு தமிழிலும் வரலாம், ஆங்கிலத்திலும் வரலாம்.

ஜெயித்துவிட்டோம் என்று நிலத்தில் இறங்கும் முன் ஒரு சொல்லைப் பார்க்க வேண்டும்: ‘முதல்நிலைத் தீர்ப்பாணை’. உங்களுக்கு நான்கில் ஒரு பங்கு என்று அது சொல்லும். எந்த நான்கில் ஒன்று என்று சொல்லாது. அதற்கு இறுதித் தீர்ப்பாணை மனு போட்டு, கோர்ட் ஆணையர் சர்வேயரோடு வந்து அளந்து, வரைபடத்தோடு அறிக்கை தந்து, ஆட்சேபனை கேட்டு முடிய வேண்டும். பாக வழக்கில் இந்த மனுவுக்குக் காலவரம்பு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் சொல்லிவிட்டது. அதைக் கேட்டுப் பத்து வருடம் சும்மா இருந்துவிட்டு, பங்காளிகள் பெருகிய பிறகு வாரிசுகளைச் சேர்க்க அலைபவர்கள் ஏராளம். இறுதித் தீர்ப்பாணை முத்திரைத்தாளில் எழுதப்பட வேண்டும். தாளுக்குப் பணம் கட்டாமல் கிடக்கும் கட்டுகளும் உண்டு. அதற்குப் பிறகு ஈ.பி. போட்டால்தான் கோர்ட் ஊழியரான அமீனா வந்து சுவாதீனம் ஒப்படைப்பார்.

தோற்றவர் செய்ய வேண்டிய முதல் வேலை, தீர்ப்பு நாளன்றே நகல் மனு. சப் கோர்ட்டுக்கோ மாவட்ட நீதிமன்றத்துக்கோ மேல்முறையீடு என்றால் 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90. நகல் தயாராகும் நாட்கள் இந்தக் கணக்கில் கழியும். ஆனால் நகல் மனு போடும் முன்பு, தீர்ப்பாணை எழுதக் கோர்ட் எடுத்த நாட்கள் கழியாது. ‘டிக்ரி இன்னும் ரெடியாகலை’ என்று காத்திருந்து மனு போட்டவர்கள் ஏமாறுவது இங்கேதான். நகலின் பின்புறம் மனு போட்ட நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், கொடுத்த நாள் என்று தேதிகள் இருக்கும். கட்டணம் கேட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பிறகு நாம் கட்டத் தாமதித்த நாட்களும், தயாரான பிறகு வாங்காமல் விட்ட நாட்களும் நம் கணக்கில்தான் சேரும். குமாஸ்தாவிடம் சொல்லிவிட்டோம் என்று இராமல் பலகையை வாரம் இருமுறை பார்ப்பது நல்லது.

இரண்டாம் மேல்முறையீடு என்று மாட்டுத்தாவணியைத் தாண்டி ஒத்தக்கடைக்குப் போனால் (கிளை 2004 ஜூலையில் திறந்தது), மொழி முழுக்க ஆங்கிலம். அரசியல் சட்டத்தின் 348-ஆம் பிரிவு அப்படி. தமிழ்ப் பத்திரங்களை மொழிபெயர்த்துத் தட்டச்சுக் கட்டாகத் தர வேண்டும். அந்த மொழிபெயர்ப்பைப் பத்திரம் எழுதத் தெரிந்த ஒருவரிடம் காட்டி, ‘அனுபவம்’, ‘சுவாதீனம்’, ‘விட்டுக்கொடுத்தல்’, ‘விடுதலை’ என்ற நான்கும் எப்படி ஆங்கிலமாகியிருக்கின்றன என்று பார்த்த பிறகே தாக்கல் செய்யச் சொல்ல வேண்டும். விடுதலைப் பத்திரம் பங்கைப் பங்காளிக்கு எழுதிக்கொடுத்த பத்திரம். சிறைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.