தேங்காயெண்ணெய் குடித்த கைமிஷின்

என்னிடம் உள்ள பழைய தையல் மிஷின்களில் எனக்கு நெருக்கமானது, ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் நகரிலிருந்த கில்போவி தொழிற்சாலையில் உருவான சிங்கர் 28கே கைமிஷின்தான். எண்ணுக்குப் பின்னுள்ள ‘கே’ அந்தத் தொழிற்சாலையையே குறிக்கிறது. தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டுவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது சக்கரம் அசையவே இல்லை. முன்பு யாரோ மிஷின் எண்ணெய்க்குப் பதிலாகத் தேங்காயெண்ணெய் விட்டிருக்க, அது உள்ளே பிசினாக இறுகியிருந்தது (நம் வீடுகளில் இது மன்னிக்கத்தக்க குற்றம்). மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு நாளும் சக்கரத்தை மெல்ல அசைத்துப் பார்த்ததில் நான்காம் நாள் இளகியது. ஸ்பிரிட்டை மட்டும் நான் தொடவில்லை. பொன்னிறச் சித்திரங்களைக் காக்கும் அரக்குப் பூச்சை அது கரைத்துவிடும்.

வட்டப் பாபினுக்குப் பதிலாக இதில் நீண்ட பாபினும், அதைச் சுமந்து முன்னும் பின்னும் ஊசலாடும் தோட்டா வடிவ ஓடமும் உள்ளன. பின்தையல் வசதி கிடையாது என்பதால், முடிவில் துணியையே திருப்பிப் போட்டு நான்கு தையல் போடுகிறேன். ஆயினும், இன்றைய கடைகளில் கிடைக்கும் சாதாரண வீட்டு மிஷின் ஊசியே இதற்குப் பொருந்துகிறது. சேலைக்கு ஃபால்ஸ் அடிக்க, என் புதிய மின்சார மிஷினை விட இதையே விரும்புகிறேன்.