நாம் அறியோம், நீ அடுத்த கணக்கைச் செய்

எங்கட பள்ளிக்கூடப் பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ எண்டு சங்கச் செயலாளர் மூண்டு மாசமா வட்ஸ்அப்பில கேட்டுக்கொண்டிருக்கிறார். பிக் மட்ச், கன்ரீன் வடை, வாங்கின பிரம்படி எல்லாம் என்னைவிட வடிவா எழுத ஆக்கள் இருக்கினம். நான் 96ஆம் ஆண்டு ஏ.எல், அதுதான் உயர்தரச் சோதினை பட்ச். எங்களுக்குக் கடைசி வருசம் பள்ளிக்கூடக் கட்டடமே இல்லை, அதால நான் எழுதப்போறது ஒரு தண்ணித்தொட்டியைப் பற்றி.

1995 ஒக்ரோபர் 30, திங்கக்கிழமை. கந்தசஷ்டி விரதம் முடிஞ்ச கையோட அம்மம்மா களைச்சுப் போய்க் கிடந்தவ. பின்னேரம் ஸ்பீக்கர் பூட்டின வாகனம் ஒழுங்கையால வந்து எல்லாரும் உடன வெளிக்கிடுங்கோ எண்டு சொல்லிக்கொண்டு போகுது. யாழ்ப்பாணத்தைப் பிடிக்க ஆமி 17ஆம் திகதி தொடங்கின சண்டை கிட்ட வந்திட்டுதெண்டு தெரியும், ஆனா யாழ்ப்பாண ரவுணும் சேர்ந்த வலிகாமம் முழுக்க ஒரே ராத்திரியில எழும்பி நடக்கும் எண்டு ஆர் நினைச்சது? அம்மா அடுப்பில இருந்த சோத்தை அப்பிடியே மூடிப்போட்டு வீட்டைப் பூட்டினா. நான் சயிக்கிளில ஒரு பை அரிசி, பாய் ரெண்டு, பிறகு என்ர பியூர் மெத்ஸ் கொப்பியள். சட்டை எடுக்க மறந்துபோனன், கொப்பியை மறக்கேல்ல, விசரன்.

கொக்குவிலில இருந்து நல்லூர் வரவே இருட்டிப்போச்சு. மழை. நல்லூர்த் தேரடியில வந்ததும் அம்மம்மா சயிக்கிள் கரியரை விட்டிட்டு அப்பிடியே சேத்துக்குள்ள விழுந்து கும்பிட்டா. பின்னால சனம் நெருக்குது, லான்மாஸ்ரர், அதுதான் ரெண்டு சில்லு உழவு மெசின், ஓட்டுறவன் கத்துறான், நான் அவவை இழுக்கிறன். எழும்பி முகத்தைத் துடைச்சுப்போட்டு "எப்பவோ முடிஞ்ச காரியமடா தம்பி, நட" எண்டா. எங்கட சனத்துக்கு இது புதுசில்லை, அந்தத் தேரடியில திரிஞ்ச செல்லப்பா சுவாமியும் அவற்ற சீடன் யோகர் சுவாமியும் சொன்ன வாக்கு. யோகர் 1964இல சமாதியாகிறதுக்கு முன்னம் கொழும்புத்துறை ஆச்சிரமத்தில அம்மம்மா அவரைக் கண்டவவாம், அதால எதுக்கெடுத்தாலும், பால் திரைஞ்சாலும், இந்தச் சொல்லுத்தான். எனக்கு அண்டைக்குக் கோவம் கோவமா வந்தது. முடிஞ்ச காரியமெண்டா பேந்தேன் நடக்கிறம், வீட்டிலயே இருந்திருக்கலாமே எண்டு கேட்டும் போட்டன். அவ ஒண்டும் சொல்லேல்ல.

செம்மணி வெளியில சனம் அசையாமல் நிண்டது. ஒரு அடி வைச்சா அரை மணித்தியாலம் நிக்கிறது. சாவகச்சேரிக்கு நோர்மலா சயிக்கிளில ஒண்டரை மணித்தியாலம், அண்டைக்கு விடிய விடிய. தண்ணி இல்லை, குடையைத் தலைகீழாப் பிடிச்சு மழைத்தண்ணி குடிச்சதுகள். நாலைஞ்சு லட்சம் சனம் எண்டு பிறகு சொன்னவை, எனக்கு அண்டைக்குத் தெரிஞ்சது முன்னால போன ஒரு அம்மாவின்ர முதுகும் அவவின்ர தோளில தூங்கின பிள்ளையும் மட்டுந்தான். எங்கட வகுப்பு நண்பன் ஒருத்தன், வேதக்காரப் பெடியன், சயிக்கிளை உருட்டிக்கொண்டே மற்றக் கையில செபமாலை உருட்டிக்கொண்டு வந்தான். பேர் எழுதேல்ல, ஏனெண்டு பிறகு சொல்லுறன்.

விடிய நாவற்குழி தாண்டி ஒரு மரத்துக்குக் கீழ இருந்தம். அம்மம்மா சேலைத் தலைப்பில முடிஞ்சிருந்த திருநீத்துப் பொட்டலத்தை அவிழ்த்தா, மழையில ஊறிக் களிமாதிரிப் போச்சு. அதை ஒரு விரலால வழிச்சு எங்கள் மூண்டு பேருக்கும் நெத்தியில பூசினா. காஞ்சதும் இழுத்துப் பிடிச்சுது, நாள் முழுக்க நெத்தியைச் சுருக்கேலாமல் திரிஞ்சன்.

சாவகச்சேரிக்குக் கிட்ட ஒரு வளவில ஏழு குடும்பம் இருந்தம். ரெண்டாவது கிழமை ஆரோ படலையடியில "உதில எங்கட பெடியள் நிக்கிறாங்களோ" எண்டு கேக்கிறது கேக்குது, எட்டிப் பாத்தா எங்கட பியூர் மெத்ஸ் சேர். வெள்ளைச் சேட் பழுப்பாப் போச்சு, சயிக்கிள் ஹாண்டிலில ஒரு ஷொப்பிங் பாக், அதுக்குள்ள ரெண்டு பெட்டி சோக். வீட்டில இருந்து என்ன எடுத்துவந்தவர் எண்டு பிறகு கேட்டால், பிள்ளையளின்ர பேர்த் சேர்ட்டிபிக்கட்டும் சோக்கும் எண்டார். என்னைப்போல இன்னொரு விசர்.

கரும்பலகைக்கு எங்க போறது? அந்த வளவுக் கிணத்தடியில ஒரு சீமெந்துத் தொட்டி, பாசி பிடிச்சுக் கறுத்துப்போய் நிண்டது. அதின்ர வெளிப்பக்கத்தைத் தேங்காய்ப் பொச்சால உரஞ்சிப்போட்டு சேர் அதில தொகையீடு தொடங்கினார். ஒரே ஒரு பிரச்சினை, ஏழு குடும்பமும் அந்தக் கிணத்திலதான் குளிக்கிறது. பாதிக் கணக்கில ஆராவது வந்து வாளியால ஊத்துவினம், தண்ணி வழிஞ்சு வந்து சமன்பாட்டின்ர கீழ்வரியை அழிச்சுக்கொண்டு போகும். சேர் மேல்வரியில இருந்து திருப்பி எழுதுவார். வீட்டுக்காற அம்மா தொட்டியைப் பழுதாக்கிறமெண்டு ஒவ்வொரு நாளும் பேச்சு.

பதினொரு பேர் தொடங்கி, மார்கழியில இருபது பேர் வந்திட்டாங்கள். டிசம்பர் 5இல யாழ்ப்பாண ரவுணில அரசாங்கம் கொடி ஏத்தியாச்சு எண்டு ரேடியோவில கேட்டது, சயிக்கிள் டைனமோவைச் சுத்தித்தான் அந்த ரேடியோ பாடுறது. அடுத்தநாள் வகுப்பில ஒருத்தருக்கும் கை ஓடேல்ல. நாலு பாடம், பியூர், அப்ளைட், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, இதில கெமிஸ்ட்ரி படிப்பிக்க ஆளே இல்லை, லாப் எங்கயோ ஷெல்லுக்குள்ள. நான்தான் கேட்டன், "சேர், சோதினை நடக்குமோ? எங்களுக்கு வீடு இருக்குமோ? இதுகளைப் படிச்சு என்னத்துக்கு?" அவர் நெத்தியில எப்பவும் மூண்டு குறி பளிச்செண்டு இருக்கும், ஆனா வகுப்பில சாமிக்கதை கதைச்சதே இல்லை. திரும்பிப் பாக்காமலே "நாம் அறியோம்" எண்டார். அதுவும் அந்தத் தேரடி வாக்குத்தான். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அது அவன்ர டிப்பார்ட்மென்ட். உன்ர டிப்பார்ட்மென்ட் பதினாலாங் கணக்கு. செய்."

அவ்வளவுதான் பாருங்கோ. உபதேசம் ஒண்டுமில்லை. அம்மம்மா கோவத்தோட கேட்ட எனக்குப் பதில் சொல்லாமல் நடந்ததும் இதுதான் எண்டு எனக்கு விளங்க இன்னும் கனவருசம் போச்சு.

இப்ப இங்க ரொறன்ரோவில கோயில் பூசை முடிய ஆராவது தோளில தட்டி "உங்களைக் கடவுள் காப்பாத்தினவர்" எண்டால் எனக்கு உடம்பு கூசும். அந்தச் செபமாலைக்காரனும் கும்பிட்டவன்தானே. 96 சித்திரையில நாங்கள் இருந்த தென்மராட்சிப் பக்கமும் சண்டை தொடங்க, கடல்நீரேரி கடந்து வன்னிக்குப் போறதோ வீட்டை திரும்பிறதோ எண்டு ஒரு ராத்திரிக்குள்ள முடிவெடுக்கவேண்டி வந்தது. நாங்கள் கொக்குவிலுக்குத் திரும்பினம், அவன்ர வீட்டாக்கள் கிளாலியால வன்னிக்குப் போச்சினம். இண்டைவரைக்கும் அவன்ர தகவல் இல்லை. அவன்ர அம்மா எங்கயாவது இருந்து இதை வாசிச்சால் எண்டுதான் பேர் எழுதேல்ல. என்னைக் காப்பாத்தினவர் எண்டால் அவனை ஏன் விட்டவர்? இந்தக் கேள்விக்கு எனக்கு இண்டைக்கும் மறுமொழி இல்லை, அதோடயேதான் கும்பிடுறன். நல்லது நடக்குமெண்ட நம்பிக்கை இல்லை என்ரது. என்ன நடந்தாலும் அது ஆரிட்டயோ இருக்கு, என்ர கையில இருக்கிறது இந்த ஒரு வரி எண்ட மாதிரி ஒண்டு. சரியாச் சொல்லத் தெரியேல்ல.

சோதினையும் ஒருமாதிரி எழுதினம், கெமிஸ்ட்ரி எப்பிடிப் போயிருக்கும் எண்டு கேக்காதேங்கோ. 99இல கனடா வந்து ரெஃபியூஜி கேஸ் இழுபட்ட நேரம், ஒரு பாக்டரியில இரவு ஷிப்ட், கடுதாசி வருமோ வராதோ எண்டு ஒவ்வொரு நாளும் மெயில் பொக்ஸைத் திறந்து பாக்கிறது. அப்பவும் "டிப்பார்ட்மென்ட்" எண்டு எனக்குள்ள சொல்லிப்போட்டு ஷிப்டுக்கு பஸ் ஏறுவன்.

போன வருசம் ஊருக்குப் போன நேரம் அந்த வளவைத் தேடிப் போனன். 2000ஆம் ஆண்டுச் சண்டையில சாவகச்சேரியே தரைமட்டமாப் போனது, அந்த வீடும் புதுசாக் கட்டினது, கிணறு மட்டும் பழசு. தொட்டியின்ர ஒரு பக்கம் உடைஞ்சு, உள்ளுக்குள்ள வாழைக்கண்டு நட்டிருந்தது. நான் அதின்ர வெளிப்பக்கத்தைக் கையால தடவிக்கொண்டு நிக்க, உள்ளுக்கிருந்து ஒரு அக்கா வந்து ஆரைத் தேடுறியள் எண்டு கேட்டா. கதையைச் சொன்னன். என்னை மேலயும் கீழயும் பாத்தா.

"ஓ, தொட்டியில சோக்கால கிறுக்கின பெடியளே? அம்மா சாகும்வரைக்கும் உங்களைப் பேசினவ" எண்டுபோட்டு, தேத்தண்ணி வைக்க உள்ள போனா.