கூடத் தந்திட்டம், திருப்பித் தாங்கோ

"உங்களுக்குக் கூடக் காசு தந்திட்டம், திருப்பித் தாங்கோ" எண்டு அரசாங்கத்திட்டையிருந்து கடிதம் வந்தா எங்கட சனம் முதல் செய்யிற வேலை, கடிதத்தில கிடக்கிற நம்பருக்குப் போன் அடிச்சு "மாசம் அம்பது பவுண்ஸ்படி கட்டுறன்" எண்டு ஒத்துக்கொள்ளுறதுதான். அதுக்குப் பிறகுதான் எங்களிட்ட வருகினம். நான் லண்டன்ல ஒரு சின்ன ஆலோசனை நிலையத்தில பெனிபிட், அதாவது அரசாங்க உதவிக் காசு சம்பந்தமான வேலை பாக்கிறன், வாறாக்களில கனபேர் தமிழ் ஆக்கள், இதைத் திரும்பத் திரும்பக் கண்டு மனம் நொந்துதான் எழுதுறன். கடிதத்தில இருக்கிற தொகை சரியோ, அது உண்மையிலேயே கூடத் தந்த காசோ, அப்பிடித் தந்திருந்தாலும் சட்டப்படி திருப்பிக் கேக்கலாமோ எண்ட மூண்டும் வேற வேற கேள்வி. எங்கட ஆக்கள் மூண்டுக்கும் ஒரேயடியா ஓம் சொல்லிப்போட்டு வந்து நிக்கினம்.

நான் கூடக் காணுறது கெயரர்ஸ் அலவன்ஸ் கடிதங்கள். கிழமைக்கு 35 மணித்தியாலத்துக்குக் குறையாம ஒரு வருத்தக்காரரைப் பாக்கிறவைக்குத் தாற காசு அது, 2024-25ல கிழமைக்கு 81.90 பவுண்ஸ். அதோட சேத்து வேலைக்கும் போகலாம், ஆனா வரி எல்லாம் போய் மிஞ்சுற சம்பளம் அந்த வருசம் கிழமைக்கு 151 பவுண்ஸைத் தாண்டக் கூடாது எண்டு இருந்தது. 2025 ஏப்ரலில அதை 196 ஆக்கிட்டினம், நல்ல காரியம். ஆனா கணக்குப் போடுற முறை மாறேல்ல. எல்லை தாண்டினா தாண்டின காசை மட்டும் கழிப்பினம் எண்டுதான் நியாயமா யோசிக்கிற ஆரும் நினைப்பினம். அப்பிடியில்லை, ஒரு பென்ஸ் தாண்டினாலும் அந்தக் கிழமையின்ர அலவன்ஸ் முழுசாப் போகும். கிழமைக்கு ஒரு பென்ஸ்படி ஒரு வருசம் தாண்டினா, 52 பென்ஸ் கூட உழைச்சதுக்கு 4,258.80 பவுண்ஸ் கடன் நிக்கும். இந்தக் கணக்கை நான் பேப்பரில எழுதிக் காட்டேக்க ஒருத்தரும் உடன நம்புறேல்ல, "இல்லைத் தம்பி, நீங்க எங்கயோ பிழை விட்டிட்டியள்" எண்டுதான் சொல்லுவினம்.

அதுக்கும் மேல எனக்குக் கோவம் வாற விஷயம் ஒண்டு இருக்கு. ரக்ஸ் ஒஃபிஸுக்குப் போற சம்பள விவரம் அலவன்ஸ் குடுக்கிற திணைக்களத்துக்கும் கம்பியூட்டரால போகுது, ஆர் எல்லை தாண்டினம் எண்டு அலேட் வருது, 2018ல இருந்து இந்த முறை இருக்கு. ஆனா பாக்க ஆக்கள் காணாது எண்டு வாற அலேட்டுகளில பாதியளவைத்தான் கனகாலமாப் பாத்தவை. முதல் மாசமே "இந்தாங்கோ, எல்லை தாண்டிட்டியள்" எண்டு ஒரு கடிதம் போட்டிருந்தா சில நூறோட முடிஞ்சிருக்கும். பாக்காம விட்டபடியா மூண்டு வருசம், நாலு வருசம் எண்டு குவிஞ்சு ஆயிரக்கணக்கில ஒரே நாளில வீட்டு வாசலுக்கு வருது. 2019ல நாட்டின்ர கணக்காய்வு அலுவலகம் இதை விலாவாரியா எழுதினது, பாராளுமன்றக் குழுவும் சொன்னது. 2024ல பாத்தா 134,000 பேருக்கு மேல, 250 மில்லியன் பவுண்ஸுக்கு மேல கடனோட நிக்கினம். எல்லாரும் வீட்டில ஒரு நோயாளியைப் பாத்துக்கொண்டு இருக்கிறவை.

ஒரு அக்கா வந்தவா, மகனுக்கு ஓட்டிசம், பெடியனை ஒரு நிமிசம் தனிய விடேலாது. கடை ஒண்டில பகுதி நேரம் வேலை. மனுசன் இரவு வேலை, பகல்ல நித்திரை. கடிதத்தில நாலாயிரத்துக்குக் கிட்டப் போட்டுக் கிடந்தது, அதோட தகவல் சொல்லேல்ல எண்டு 50 பவுண்ஸ் தண்டமும். நான் ஒண்டும் கேக்க முதலே "தம்பி, நான் களவு எடுக்கேல்ல" எண்டுதான் அவா கதையைத் தொடங்கினவா. எத்தனை பேர் அந்த வசனத்தோட எனக்கு முன்னால இருந்திருக்கினம். நான் சொன்னன், "அக்கா, அதை ஒருத்தரும் கேக்கேல்ல, கடிதத்திலயும் இல்லை, முதல் தேத்தண்ணியைக் குடியுங்கோ."

பேந்து பேஸ்லிப், சம்பளத் துண்டு எல்லாம் மேசையில விரிச்சு வைச்சு மாசம் மாசமாப் பாத்தம். மாசச் சம்பளம் எடுக்கிறவைக்கு அதைப் பன்னிரண்டால பெருக்கி 52ஆல பிரிச்சுத்தான் கிழமைக் கணக்கு எடுக்கிறது, இது அவாக்குத் தெரியாது, தெரிய வேணும் எண்டும் இல்லை. பாத்துக்கொண்டு போகேக்க நான் வழமையாக் கேக்கிற கேள்வியைக் கேட்டன்: நீங்க வேலைக்குப் போற நேரம் பெடியனை ஆர் பாக்கிறது? "பக்கத்து வீட்டு அன்ரி, எங்கட ஊர்க்காரர்தான், பாவம் அவவும் சும்மா பாக்கேலாது எண்டு கிழமைக்கு இருவது பவுண்ஸ் குடுக்கிறனான்" எண்டா. அந்த இருவது பவுண்ஸிலதான் முழு விஷயமும் கிடந்தது. வேலைக்குப் போறதுக்காக அந்த நோயாளிப் பிள்ளையைப் பாக்க நெருங்கின சொந்தம் இல்லாத ஒருத்தருக்குக் காசு குடுத்தா, சம்பளத்தில பாதி வரைக்கும் அதைக் கழிக்கலாம். தாய் தகப்பன், சகோதரம், பிள்ளை, மனுசன் மனுசி எண்டா ஏலாது, பக்கத்து வீட்டு அன்ரி எண்டா ஏலும். பென்ஷனுக்குக் கட்டுற காசிலயும் பாதியைக் கழிக்கலாம். எல்லையை நாலஞ்சு பவுண்ஸ் தாண்டின கிழமையில இருவதைக் கழிச்சா அவா எல்லைக்குள்ளதான் நிண்டிருக்கிறா. அப்ப அந்தக் கிழமையளுக்கு ஓவர்பேமன்ற், கூடத் தந்த காசு எண்டு ஒண்டே இல்லை.

ஆனா எங்கட சனம் கைக் காசாத்தான் குடுக்கும், துண்டு எழுதாது. அன்ரியிட்டப் போய்க் கடிதம் வாங்குறது சின்ன வேலையில்லை, தனக்கு ஏதும் பிரச்சினை வந்திடுமோ, தன்ரை பெனிபிட்டில கை வைச்சிடுவினமோ எண்டு அவாக்குப் பயம். அது நியாயமான பயம், அதால அன்ரியையும் கூப்பிட்டு இருத்தி, அவாட நிலைமையைத் தனியாப் பாத்து, பிரச்சினை இல்லை எண்டு தெரிஞ்ச பிறகுதான் எழுதி வாங்கினம். பாங்கில ஒவ்வொரு வெள்ளியும் இருவது பவுண்ஸ் எடுத்த கணக்கும் கிடந்தது, அது பெரிய உதவி. ஒரு மாசத்துக்குள்ள மறுபரிசீலனை கேக்க வேணும், கேட்டம். கிறிஸ்மஸ் நேரம் ஓவர்ரைம் செய்த கிழமையள் மட்டும் மிஞ்சினது, அது உண்மையிலேயே தாண்டின காசு, அதை அவா கட்டினவா. மிச்சம் எல்லாம் போச்சு, தண்டமும் போச்சு. அவா முதல் அடிச்ச போனோட விட்டிருந்தா நாலாயிரமும் கட்டி முடிச்சிருப்பா.

எல்லாம் இப்பிடி முடியிறேல்ல. "நான் அப்பவே போன்ல சொன்னனான்" எண்டு ஒரு ஐயா சொன்னவர், நான் அவரை முழுசா நம்பினன், ஆனா எந்த நாள், எந்த நம்பர், ஆரோட கதைச்சது ஒண்டும் இல்லை. பழைய போன் பில்லைத் தேடினம், திணைக்களத்தில இருக்கிற அவற்ர பதிவுகள் முழுக்கத் தரச் சொல்லிச் சட்டப்படி கேட்டம், வந்த கட்டுக்குள்ள அந்தக் கோல் இல்லை. தோத்திட்டம். கெயரர்ஸ் அலவன்ஸ் மாதிரிப் பழைய பெனிபிட்டுகளில, நீங்க பிழையான தகவல் குடுத்திருக்க வேணும் அல்லது சொல்ல வேண்டியதைச் சொல்லாம விட்டிருக்க வேணும், அப்பதான் காசைத் திருப்பிக் கேக்கலாம், தெரியாமச் செய்திருந்தாலும் கேக்கலாம். அதால சொன்னதுக்கு ஆதாரம் இருக்கிறதுதான் உயிர். "ரக்ஸ் ஒஃபிஸுக்குத் தெரியும்தானே, எல்லாம் ஒரே அரசாங்கம்தானே" எண்டு கேக்காத ஆள் இல்லை. நல்ல கேள்வி, ஆனா 2005ல ஹின்ச்சி வழக்கில, அப்ப ஆக உயர்ந்த நீதிமன்றமா இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொல்லிப்போட்டுது, ஒரு கந்தோருக்குத் தெரிஞ்சது மற்றக் கந்தோருக்கும் தெரியும் எண்டு நீங்களா நினைச்சுக்கொண்டு இருக்கேலாது எண்டு. எனக்கு அந்தத் தீர்ப்பில உடன்பாடு இல்லை, கம்பியூட்டர் எல்லாத்தையும் இணைச்சு வைச்சிருக்கிற இந்தக் காலத்தில இன்னும் உடன்பாடு இல்லை. எண்டாலும் சட்டம் அதுதான், ஆக்களுக்கு உள்ளதை உள்ளபடி சொல்ல வேணும்.

யூனிவேர்சல் கிரெடிட், அதாவது வருமானம் குறைஞ்ச ஆக்களுக்குத் தாற புது பெனிபிட் எண்டா கதை வேற, இன்னும் மோசம். அதில பிழை முழுக்க அவையின்ர எண்டாலும் காசைத் திருப்பிக் கேக்கலாம், 2012ம் ஆண்டுச் சட்டம் அப்பிடி மாத்திப்போட்டுது. நீங்க நேரத்துக்கு எழுதிச் சொல்லி, அவை பாத்து, "ஒண்டும் பிரச்சினை இல்லை" எண்டு மறுமொழி போட்டு, பேந்து ரெண்டு வருசத்தால "பிழையாத் தந்திட்டம்" எண்டாலும் கடன் உங்கட தலையிலதான். அதில எங்களுக்கு இருக்கிற ஒரு வழி, தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேக்கிறது. எல்லாருக்கும் கிடைக்காது, குறைவாத்தான் கிடைக்கும், ஆனா கேக்காட்டிக் கிடைக்கவே கிடைக்காது. 2023ல உயர் நீதிமன்றம் ஒரு வழக்குப் பாத்தது, பேரை வெளியில சொல்லாம கே எண்டு மட்டும் போட்ட ஒரு அம்மாவின்ர வழக்கு, உங்களுக்கு உரித்து இருக்கு எண்டு அவையே சொல்லிச் சொல்லிக் குடுத்திட்டு 8,600 பவுண்ஸுக்கு மேல திருப்பிக் கேட்டவை, தள்ளுபடி இல்லை எண்டு சொன்னது சட்டப்படி பிழை எண்டு நீதிமன்றம் சொல்லிச்சுது. அதால திணைக்களத்தோட எழுதிக் கதைக்கிற ஒன்லைன் ஜேர்னலில என்ன எழுதினாலும் ஒரு படம் எடுத்து வைச்சுக்கொள்ளுங்கோ எண்டு நான் எல்லாருக்கும் சொல்லுறனான். இன்னொண்டு, கெயரர்ஸ் அலவன்ஸை யூனிவேர்சல் கிரெடிட்டில வருமானம் எண்டு பவுண்ஸுக்குப் பவுண்ஸ் கழிச்சிருப்பினம். அலவன்ஸ் உங்களுக்கு உரிய காசு இல்லை எண்டு இப்ப சொன்னா அந்த நேரம் கழிச்சதும் சரியில்லை, அதையும் திரும்பப் பாக்கச் சொல்லிக் கேக்க வேணும். இதை ஆரும் வலிய வந்து சொல்ல மாட்டினம்.

கட்டத்தான் வேணும் எண்டு முடிஞ்சாலும் எவ்வளவு கட்டுறது எண்டது கதைக்கிற விஷயம். யூனிவேர்சல் கிரெடிட்டில அடிப்படைத் தொகையில 25 வீதம் வரைக்கும் வெட்டிக்கொண்டு இருந்தவை, 2025 ஏப்ரலில இருந்து 15 வீதம்தான் உச்சம். அதுக்கும் வழியில்லை எண்டா வீட்டு வரவு செலவைக் காட்டி இன்னும் குறைக்கச் சொல்லிக் கேக்கலாம். எங்கட ஆக்கள் அந்தப் பத்திரம் நிரப்பேக்க சாப்பாட்டுச் செலவைக் குறைச்சு எழுதுவினம், மானம், அரிசி பருப்புக்கு இவ்வளவோ எண்டு கேட்டிடுவினம் எண்டு. கோயில் காசும் ஊருக்கு அம்மாக்கு அனுப்புற காசும் எழுதவே மாட்டினம். எழுதாமல் விட்டா மிச்சம் நிறைய இருக்குற மாதிரித்தான் பேப்பரில தெரியும்.

பிள்ளையளைப் பற்றியும் சொல்ல வேணும். வீட்டில இங்கிலிஷ் வாசிக்கத் தெரிஞ்ச ஆள் பெரும்பாலும் பள்ளிக்கூடம் போற பிள்ளைதான், கடிதம் வந்தா அதைத்தான் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுறது. தாய்க்கு ஆயிரக்கணக்கில கடன் எண்டதை அந்தப் பிள்ளைதான் முதல் அறியுது, வாசிச்சும் சொல்லுது, பேந்து தாயின்ர குரலில போனும் கதைக்குது. ஒரு பிள்ளை என்னட்ட "அம்மாவைப் பிடிச்சுக்கொண்டு போவினமோ" எண்டு கேட்டது. இல்லை எண்டு சொன்னன், விளங்கப்படுத்தினன், ஆனா எத்தனை இரவு அந்தப் பிள்ளை அதை யோசிச்சிருக்கும். தயவு செய்து அந்தக் கடிதங்களைப் பிள்ளையளிட்டக் குடுக்காதேங்கோ, எங்களை மாதிரி இடங்களில தமிழ் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம், வழக்கு நடக்கிற ரிபியூனலிலயும் மொழிபெயர்ப்பாளர் கேட்டா காசில்லாம ஒழுங்குபடுத்துவினம்.

விசாரணைக்கு வரச் சொல்லி, சொல்லுறதெல்லாம் சாட்சியமா எடுக்கப்படும் எண்டு எழுதின கடிதம் வந்தா மட்டும் அது வேற பாதை, தனியப் போக வேண்டாம், முதல் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கோ. மற்றக் கடிதங்களுக்குக் கிழமை கிழமையாப் பிரிச்ச கணக்கைத் தரச் சொல்லிக் கேளுங்கோ, மறுபரிசீலனை முடியுமட்டும் வெட்டுறதை நிப்பாட்டி வைக்கச் சொல்லுங்கோ, பேஸ்லிப்பையும் பாங்க் கணக்கையும் எடுத்துக்கொண்டு வாங்கோ.

2025 நவம்பரில லிஸ் சேய்ஸ் எழுதின அறிக்கை வெளியானது, கெயரர்ஸ் அலவன்ஸ் கடன்களை ஆராயச் சொல்லி அரசாங்கமே அவாவிட்டக் குடுத்த வேலை. ஏறி இறங்குற சம்பளத்தைச் சராசரி பாக்கிறதுக்கு 2015ல இருந்து அதிகாரிகள் கையில இருந்த வழிகாட்டி சட்டத்துக்குப் பொருந்தாத வழிகாட்டி எண்டு அதில வந்திருக்கு, பழைய கணக்குகளைத் திரும்பப் பாக்கிறம் எண்டு அரசாங்கமும் ஒத்துக்கொண்டிருக்கு. அதுக்குப் பிறகு எங்கட பழைய ஃபைல்களைத் திறந்து ஒவ்வொருத்தராக் கூப்பிட்டுக்கொண்டு இருக்கிறம், ஓவர்ரைம் ஒரு மாசம் கூடி ஒரு மாசம் குறைஞ்சு வந்தவை, பள்ளிக்கூடச் சமையலறையில வேலை செய்து விடுமுறைக்குச் சம்பளம் குறைஞ்சவை, இவைதான் முதல். சிலர் "விடுங்கோ தம்பி, அது கட்டி முடிச்ச காசு, இனி என்னத்துக்கு" எண்டுகினம். கட்டி முடிச்சதும் திரும்பப் பாக்கிறதுக்குள்ள வரலாம் அக்கா, பழைய கடிதத்தையும் பேஸ்லிப்பையும் எறிஞ்சு போடாதேங்கோ, வீடு மாறியிருந்தா புது விலாசத்தைத் திணைக்களத்துக்கு எழுத்தில குடுங்கோ, குடுத்ததுக்கு ஒரு கொப்பியும் வைச்சிருங்கோ எண்டு சொல்லுறன். பேஸ்லிப் இல்லாதவைக்கு வேலை செய்த இடத்துக்கு நாங்களே எழுதிக் கேக்கிறம்.